ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

ஆய்வக உதவியாளர்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த மேசைக்கு வந்தவள் அவள். "இனிமையான அனுபவமா இருந்தா நல்லா இருக்குமுங்க்கா" என்றாள். இருபத்தேழு வருடம் கண்ணாடி கழுவியவளிடம் இனிமை கேட்கிறார்கள்.

பிறகு அவளே இன்னொன்றும் சொன்னாள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் செல்போன் வழியாகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி சொல்லித் தருகிறார்களாம். அறிக்கை அழகாக வந்துவிடுகிறதாம். ஆய்வகத்தில் செய்ததுதான் என்று இவள் கையெழுத்துப் போட வேண்டும். "எதைப் பாத்துட்டுக்கா கையெழுத்துப் போடறது?" என்று கேட்டாள். பதில் போனை வைத்த பிறகுதான் எனக்கு வந்தது. அதை எழுதுகிறேன். இனிமை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது வாங்கிக் கொள்ளட்டும்.

என் பெயர் செசிலி. ஊர் சாத்தான்குளம் பக்கம். எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டார் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தார்கள். நானும் பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பதிமூன்று வருடம், தைத்த பனியனில் பிழை பார்க்கிற செக்கிங் மேசையில் நின்றேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தது பலித்து, நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் ஆனேன். முதல் இரண்டு வருடத்தில் கற்றது மூன்று விஷயம்: அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. எந்த பாட்டிலையும் பெயர் ஒட்டாமல் வைக்கக் கூடாது. உடைந்ததை அன்றே இருப்புப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். மற்றதெல்லாம் கழுவுவதுதான்.

இன்னொன்றும் கற்றேன். இந்த ஊரில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். 'ங்க' போட்டுப் பேசியே காரியத்தை முடித்துவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு இங்கே சண்டை மாதிரிக் கேட்கும். நான் "தண்ணி குடு" என்றால் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் அந்த மரியாதையில் பெரிய ஆள். வேதியியல் படித்தவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒரு தடவை பிப்பெட் பெட்டி ஒன்று என் கை தவறி விழுந்து பத்துப் பிப்பெட் உடைந்தது. பயந்துகொண்டு போய் நின்றேன். "பரவாயில்லீங்க செசிலி. கண்ணாடின்னா உடையத்தான் செய்யும். என்ன நடந்துச்சுன்னு ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடம் கழித்து, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று கேட்கப் போனபோது, மேசை இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க எழுதுனதுதானுங்களே" என்றார். கோபப்படுகிறவனை எதிர்த்து நிற்கலாம். இவரை என்ன செய்வது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியிலிருந்து எம்.எஸ்ஸி. மாணவர்கள் நாலு பேர் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து, தமிழில், தங்கள் கையெழுத்திலேயே அறிக்கை எழுத வேண்டும். இவர்கள் வழிகாட்ட வேண்டும். நல்ல அறிக்கை மாவட்டத்துக்குப் போகும். வழிகாட்டியவர்களுக்குச் சான்றிதழ் உண்டு.

முதல் வாரம் நாலு பேரும் வந்தார்கள், ஒருவன் கேமராவோடு. இரண்டாம் வாரம் இரண்டு பேர். மூன்றாம் வாரத்திலிருந்து அரவிந்த் ஒருவன்தான். தாராபுரம் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன். காலை ஆறு மணிக்கே பஸ் பிடித்து வந்துவிடுவான். அவனுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான், பிள்ளைகளுக்கும் அன்றுதான். ஆகவே எல்லாமே ஞாயிற்றுக்கிழமை என்று ஆனது.

பிள்ளைகளில் கடைசிவரை நின்றவள் தனலட்சுமி. ஒன்பதாம் வகுப்பு. இந்த ஊர்க்காரி. அப்பா பனியன் தைக்கிற பவர்டேபிள் ஓட்டுகிறவர், அம்மா தைக்கிறவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை. நான் அவளை எங்கள் ஊர் வழக்கில் "ஏட்டி" என்று கூப்பிட்டதற்கு முதல் வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு பழகிவிட்டது.

எதை ஆராய்வது என்று யோசித்து, பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற ஓடையை எடுத்தார்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. மேலே பிளீச்சிங் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் இருக்கின்றன. கீழே தென்னந்தோப்புக்காரர்கள் கிணறு உப்பாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நல்ல தலைப்பு. அரவிந்த் தலைமையாசிரியரிடம் தலைப்பைச் சொன்னபோது நான் பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமையா தண்ணி எடுக்கப் போறீய?" என்று கேட்டேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்குத்தானுங்களே செசிலி பசங்களுக்கு லீவு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஓடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. சனிக்கிழமை சம்பளம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கெல்லாம் விடுமுறை. அன்று காலை ஓடையில் அடி மணல் தெரியும். சின்னப் பிள்ளைகள் இறங்கி விளையாடும். அடுத்த நாள் மதியம் அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் கால் சாயமாகிவிடும். இது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். தாராபுரத்துப் பையனுக்குத் தெரியாது. தோட்டத்து மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? தனலட்சுமி சின்னப் பெண். பள்ளிக்கூடத்தில் ஒன்றைச் செய்யச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வயது. தெரிந்தே இருந்தவர்கள் தலைமையாசிரியரும் நானும். என்னைக் கேட்பாரில்லை என்று சொல்லிக்கொண்டு ஆறு வாரம் அந்த பாட்டில்களைக் கழுவிக் கொடுத்தேன்.

அரவிந்த் நன்றாகச் சொல்லிக் கொடுத்தான். இதைச் சொல்லாவிட்டால் அநியாயம். முதல் நாள் தனலட்சுமி ஒரு பக்கம் எழுதி வந்தாள். தண்ணீர் மனிதனின் உயிர், அதைக் காப்பது நம் கடமை என்று தொடங்கியிருந்தாள். அவன் பேனாவை எடுத்தான்.

"இது நீ பாத்ததா கண்ணு?"

"இல்லீங்ண்ணா."

"பின்ன எங்கிருந்து வந்துச்சு?"

"கட்டுரைன்னா அப்படித்தானுங்ளே ஆரம்பிப்பாங்க."

முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து விரித்தான். "இடது பக்கம், கண்ணுல பாத்தது, கையில அளந்தது. வலது பக்கம், நீ நினைக்கறது. இடது பக்கத்துல ஒரு நினைப்புகூட வரப்படாது. செஞ்சதை செஞ்ச மாதிரியே எழுதோணும். தப்பா செஞ்சிருந்தா தப்பா செஞ்சேன்னு எழுதோணும். அறிக்கையில செய்முறைன்னு ஒரு பகுதி வரும். அதை ஆரும் படிக்கமாட்டாங்க. அதுக்குன்னு அதுல பொய் எழுதிராத. படிக்கறவன் ஒருத்தன் வருவான்."

அவள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு விடாமல் எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கு வருவது ஓடையின் தரைப்பாலத்தைத் தாண்டித்தான். ஞாயிறு மட்டும் எழுதச் சொன்னால், தினமும் நின்று பார்த்து எழுதினாள்.

சோதனை இப்படி. இருபது மில்லி ஓடைத் தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சித்தான் எடுப்போம். ஓடைத் தண்ணீரை ஒரு பிள்ளை வாய் வைக்க நான் விடவில்லை. ஊசி போடுகிற சிரிஞ்சை ரப்பர் குழாயில் மாட்டிக் கொடுத்தேன். பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். குடுவைக்கு அடியில் வெள்ளை டைல். மேலே, அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் சில்வர் நைட்ரேட். சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு இருக்கிறவரை வெள்ளையாகக் கலங்கும். உப்பு தீர்ந்த அடுத்த சொட்டில் மஞ்சளுக்குள் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி இறங்கியதோ அதுதான் கணக்கு. இரண்டு தடவை ஒரே அளவு வருகிறவரை திரும்பச் செய்ய வேண்டும்.

ஆறு ஞாயிறும் பதினொன்று, பன்னிரண்டு மில்லியில் நின்றது. அரவிந்த் புத்தகத்தைப் பார்த்து, அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்றான். முதல் வரைவு அப்படியே எழுதப்பட்டது. தலைமையாசிரியர் அதைக் கேட்டு வாங்கிப் போனார்.

ஆறாவது ஞாயிறு மாலை அரவிந்த் தனலட்சுமியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். புரட்டினவன் நின்றுவிட்டான். இடது பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டினான். பென்சிலில் வரிசையாக இருந்தது. திங்கள், சிவப்பு. செவ்வாய், கருநீலம், நுரை. புதன், பச்சை. வியாழன், கறுப்பு, நாற்றம். வெள்ளி, சிவப்பு, நுரை முழங்கால் அளவு. சனி, கறுப்பு. ஞாயிறு, அடி மணல் தெரிந்தது. அடுத்த வாரம் மறுபடி அதே மாதிரி. அதற்கடுத்த வாரமும்.

"செசிலியக்கா, உங்களுக்கு இது தெரியுங்ளா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமுங்ளே."

"நீ கேட்டியா?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். தப்பு என் பக்கம் இருக்கும்போது எனக்குச் சத்தம் கூடும்.

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "எங்க ஊர்ல தண்ணி லீவு எடுக்காதுங்க்கா" என்றான்.

தனலட்சுமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நாம எழுதுனது பொய்யிங்ளாண்ணா?"

"பொய்யில்ல கண்ணு. பாதி."

"பாதின்னு மேல எழுதலீங்ளே."

அவன் நோட்டை மூடி அவளிடம் கொடுத்து, வார நாள் தண்ணீரையும் சோதிக்க வேண்டும் என்றான். அவன் கல்லூரிக்குப் போயாக வேண்டும். வார நாளில் வர முடியாது. செவ்வாய் காலை ஏழரைக்குத் தனலட்சுமி ஓடையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தாள். ஒன்பது மணிக்கு வெளியே பிரேயர் தொடங்கியது. நான் கதவைச் சாத்தி, தண்ணீரின் சாயம் போகக் கரித்தூள் போட்டு வடிகட்டி, பியூரெட்டை மாட்டினேன்.

இதில் இரண்டு குற்றம் செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். ஒன்று, ஆய்வக உதவியாளர் சாமான் எடுத்துக் கொடுக்கலாம், சோதனை செய்யக் கூடாது. இரண்டு, அந்த சில்வர் நைட்ரேட் பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வுக்கு வைத்தது. சின்ன பாட்டில்தான் வரும். வருடத்துக்கு ஒன்று.

அவள் குடுவையைச் சுழற்றினாள், நான் பியூரெட்டைத் திறந்தேன். பன்னிரண்டு மில்லி தாண்டியது. இருபது தாண்டியது. குடுவையில் வெள்ளை திரண்டு தயிர் மாதிரி ஆனது. நாற்பது. அவளுக்குக் கை வலித்து மாற்றிப் பிடித்தாள். ஐம்பது மில்லியும் இறங்கி பியூரெட் காலியாகிவிட்டது. செங்கல் நிறம் வரவே இல்லை.

"என்னங்க்கா இது?"

"சுழட்டுட்டி" என்றேன். சுழற்ற ஒன்றுமில்லை, இருந்தாலும் சொன்னேன்.

அன்று மாலை பள்ளிக்கு எதிரில் ஒரு ரூபாய் போனில் காசு போட்டு அரவிந்தைக் கூப்பிட்டோம். "ஒரு பங்கு ஓடைத் தண்ணிக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணி ஊத்தி செய்யுங்க. வர்ற கணக்கைப் பத்தால பெருக்குங்க" என்றான். மறுநாள் அப்படிச் செய்தோம். செவ்வாய்த் தண்ணீர் ஒன்பது மில்லியில் நின்றது. பத்தால் பெருக்கினால் தொண்ணூறு. புதன், வியாழன் தண்ணீரும் அதற்குக் கொஞ்சம் மேலே கீழே. பியூரெட்டின் திருகு கசிந்துகொண்டே இருந்ததால் நான் அதை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தோம். எல்லாவற்றையும் அவள் இடது பக்கத்தில் எழுதினாள்.

சில்வர் நைட்ரேட்டுக்கு ஒரு குணம் உண்டு. கையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் கறுக்கும். சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் போகாது. வெள்ளிக்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடும்போது என் வலது கை மூன்று விரல் நுனியும் மை மாதிரிக் கறுத்திருந்தன. தலைமையாசிரியர் வேதியியல் படித்தவர் என்று சொன்னேனே.

"ஏனுங்க செசிலி, கை என்னாச்சுங்க?"

பேனாவை மூடி வைத்தேன்.

"உக்காருங்க." உட்காரவில்லை. "செய்முறைத் தேர்வுக்கு வெச்சதுங்களா?"

"ஆமா. அந்த அறிக்கை தப்பு சார். ஞாயித்துக்கிழமைத் தண்ணிய வச்சு எழுதினது. உங்களுக்கும் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ளைக ஆறு வாரம் கஷ்டப்பட்டிருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை எடுத்தாங்க, வந்ததை எழுதியிருக்காங்க. இதுல பொய் எங்கீங்க இருக்குது? மத்த நாள் கணக்கை அடுத்த வருசத்துக்கு வெச்சுக்கலாமுங்க. அப்புறம் பாருங்க, அட்டவணையில கிழமைன்னு ஒரு கட்டம் இருக்குது. அது எதுக்குங்க? தேதி இருந்தாப் போதாதுங்ளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மேலே ஒரு பிளீச்சிங் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஆய்வகத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர் அவர்தான். கீழே உள்ள ஊரில் பட்டறைக்காரர்கள் தென்னந்தோப்புக்காரர்களோடு ஒரு கூட்டம் வைக்க இருந்தார்கள். அங்கே காட்ட இந்த அறிக்கை வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

நான் போனில் சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமை மாலையே அரவிந்த் வந்துவிட்டான். தலைமையாசிரியர் அறைக்குள் பதினைந்து நிமிடம் பேசினான். வெளியே நின்று கேட்டேன். கடைசியில் அவன் சொன்னான்: "அப்ப எம் பேரை எடுத்துருங்க சார்."

"எடுத்துர்றேனுங்க தம்பி" என்றார் அவர். அவ்வளவு சுலபமாக.

வெளியே வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "பேரை எடுத்துட்டா ஆச்சா? நீ கோயம்புத்தூர் போயிருவ. அவ பேரு அதுலதான இருக்கு? அதை யாருல எடுப்பா?"

"நான் என்னங்க்கா பண்றது?"

"எனக்கென்னல தெரியும்? நீதான ஆராய்ச்சி பண்ண வந்தவன்?"

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பஸ் ஏறும்போது, "நோட்டை அவகிட்டயே விட்டுருங்க, வாங்கி வெக்காதீங்க" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை தனலட்சுமியைத் தலைமையாசிரியர் அறையிலேயே உட்கார வைத்து அறிக்கையைத் திருத்தமாக எழுத வைத்தார்கள். அட்டவணையில் கிழமைக் கட்டம் இல்லை. வார நாள் கணக்கு இல்லை. முடிவுரையை அவரே சொல்லச் சொல்ல எழுதினாள். அட்டவணையையும் முடிவுரையையும் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நூல் கோத்துத் தைக்க என்னிடம் அனுப்பினார். தைக்கும்போது நான் மற்ற பக்கங்களையும் பார்த்தேன். செய்முறைப் பகுதியில், மூன்றாவது வரி: 'ஆறு மாதிரிகளும் பட்டறைகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழரை மணிக்கு எடுக்கப்பட்டன.'

அவளைக் கூப்பிட்டேன். "எதுக்குட்டி இதை எழுதின?"

"செஞ்சதை எழுதோணும்னு அண்ணன் சொன்னாருங்ளே."

"சார் பாத்தாரா?"

"அந்தப் பக்கத்தைப் புரட்டீட்டாருங்க."

நான் நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. வேறு எந்த நாளில் இவர்களுக்கு நேரம்? கீழ் ஊர் சமுதாயக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், தலைமையாசிரியர், ஊர்ப் பெரியவர்கள். பிள்ளைக்குத் துணையாக என்னையும் அனுப்பியிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, "நான் சொன்னா நம்பமாட்டீங்க. இது நம்ம புள்ளைங்க. வா கண்ணு, நீயே படி. முடிஞ்சதும் எல்லாரும் அப்படியே ஓடையை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாமுங்க" என்றார்.

தனலட்சுமி தொடக்கத்திலிருந்து படித்தாள். தலைப்பு, நோக்கம், தேவையான பொருட்கள். தலைவர் வெற்றிலைத் தட்டைப் பக்கத்தில் இருந்தவருக்கு நகர்த்திக் கொண்டிருந்தார். செய்முறை வந்தது. மூன்றாவது வரியைப் படித்தாள்.

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பின்னால் இருந்தும் சிரித்தார்கள். "அதானே பாத்தேன். எங்கூட்டு எருமைகூட ஞாயித்துக்கிழமைன்னா இறங்குது" என்றது ஒரு குரல். துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஏங்கண்ணு, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எடுத்தீங்ளா?"

"இல்லீங்கய்யா. செவ்வா, புதன், வியாழனும் எடுத்தமுங்க. அது இதுல இல்லீங்க. நோட்டுல இருக்குதுங்க."

"நோட்டு எங்க?"

அவள் பைக்குள் கையை விட்டு எடுத்தாள். தலைமையாசிரியர் நாற்காலியில் முன்னே வந்தார். "கண்ணு, அது இன்னும் சரிபார்க்கலை. வெச்சுரு" என்றார் மெதுவாக.

"ரெண்டு தடவை செஞ்சமுங்க சார்" என்றாள் அவள். இடது பக்கத்தைத் திறந்து மைக்கில் படித்தாள். தேதி, கிழமை, மணி, நிறம், அளவு. மில்லி கணக்கு அங்கே யாருக்கும் புரியவில்லை. அவளே நோட்டிலிருந்து தலையை எடுத்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை உப்பு ஒரு படின்னா, செவ்வாக்கிழமை ஏழரைப் படிங்க."

தலைவர் மைக்கை வாங்கப் பார்த்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்தனையும் ஆரு கண்ணு சோதிச்சது? நீயேவா? ஒம்பதாவது படிக்கற புள்ள ஒத்தையில செஞ்சதுன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தனும் நம்பமாட்டான். கூட ஆராச்சும் பெரியவங்க இருந்தாங்ளா?"

தனலட்சுமி என்னைப் பார்த்தாள். மேடையிலிருந்து தலைமையாசிரியரும் என்னைப் பார்த்தார். எப்போதும் போல மரியாதையாகத்தான் பார்த்தார். செய்முறைத் தேர்வு மருந்து, விதி, பிப்பெட் கடிதம், ஓய்வுக்கு மிச்சமிருக்கிற வருடங்கள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. நான் சுவர் ஓரம் நின்றிருந்தேன். ஊரில் எல்லோரிடமும் வாய்ச்சண்டை போடுகிறவள். ஒரு நிமிடம் முன்னே வந்து கையை விரித்துக் காட்டியிருந்தால் போதும். விரலே சாட்சி சொல்லியிருக்கும்.

என் வலது கை தானாகவே சேலை முந்தானைக்குள் போனது.

அவள் அதைப் பார்த்தாள். ஓடையில் நுரையைப் பார்த்து எழுதிய அதே கண்ணால் பார்த்தாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, "இல்லீங்கய்யா. நான் ஒருத்திதானுங்க" என்றாள்.

இத்தனை வாரத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னாள்.

பெரியவர் சொன்னபடியே ஆனது. சின்னப் பிள்ளை தனியாக விளையாடிப் பார்த்த கணக்கு என்று அடுத்த வாரமே பேச்சு மாறிவிட்டது. அறிக்கையும் மாவட்டத்துக்குப் போகவில்லை. தலைமையாசிரியர் என்னிடம் சில்வர் நைட்ரேட்டுக்கு ஒரு கடிதம்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் கூடுதல் மரியாதையாகவே நடத்தினார். அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. தனலட்சுமி பத்தாவது முடித்ததும் தாராபுரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். போகிற அன்று ஆய்வகத்துக்கு வந்து, "வாரேனுங்க்கா" என்றாள். நோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அங்கேயே கல்யாணமாகி, ஏதோ ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. அவிநாசிபாளையம் வழியாக பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் ஏறவில்லை.

விரல் கறை பத்து நாளில் போய்விட்டது. கழுவிப் போகவில்லை. தோல் உரிந்துதான் போனது.

பிரியா, எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டாய். எந்த நாள் எடுத்தாய், கூட யார் இருந்தது என்று பிள்ளையைக் கேள். கூட இருந்தது நீ என்றால் உன் பெயரை அங்கேயே எழுது. இந்த மலரைத் தனலட்சுமி படிப்பாளோ மாட்டாளோ, அந்த நோட்டின் இடது பக்கத்தில் விட்டுப்போனதை இங்கே எழுதிவிடுகிறேன்: செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் தண்ணீரையும் சோதித்தவர்கள் இரண்டு பேர். குடுவையைச் சுழற்றியது தனலட்சுமி. பியூரெட்டைத் திறந்தது ஆய்வக உதவியாளர் செசிலி.